வர்ணம் பூசிய கரைகள்

நான் வேலை செய்யும் றெஸ்ரோறண்டின் சுவர்களில் பதினொரு படங்கள் தொங்குகின்றன. பலெர்மோவின் பழைய துறைமுகமான லா காலா, மொன்தெல்லோ, செஃபலூ, திராப்பனி, நாப்போலி, அமால்ஃபி, வெனிஸ் என்று எல்லாமே கடற்கரைப் பட்டினங்கள். தூர நின்று பார்த்தால் எண்ணெய் வர்ண ஓவியங்கள். கிட்டப் போய்த் தடவிப் பார்த்தால் கன்வஸ் துணியில் பிறின்ற் அடித்தவை என்று தெரியும். சாப்பிட வரும் உல்லாசப் பயணிகள் சிலர் அவற்றின் முன்னால் நின்று தங்களையும் படம் எடுத்துக்கொள்வார்கள். யார் வரைந்தது என்று கேட்டால் முதலாளி குசினிப் பக்கமாகக் கையைக் காட்டி, ‘எங்களுடைய தமிழன்’ என்பார். அந்தத் தமிழன் நான்தான். அந்தப் படங்களை நான் வரையவில்லை என்பதையும் நானே சொல்லிவிட வேண்டும்.

நடந்தது இதுதான். முதலாளியின் குடும்பத்தினர் விடுமுறைகளில் எடுத்த புகைப்படங்கள் ஒரு குவியலாக இருந்தன. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவன் என்று எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன். (இரண்டு வருடம் படித்தேன். மூன்றாம் வருடம் அங்கே இருக்க முடியவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.) கோப்பை கழுவி, மீன் செதில் உரித்து முடிந்த பின்னிரவுகளில் அந்தப் புகைப்படங்களை என்னுடைய பழைய கணனியில் போட்டு ‘ஓவியம்’ ஆக்கிக் கொடுத்தேன். ஒரு படத்துக்கு இருபது நிமிடம்கூடப் போகவில்லை. சம்பளத்தோடு கொஞ்சம் காசு சேர்த்துத் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆகவே இது தன் கையால் செய்த சரக்கைத் தானே குறை சொல்லும் ஒருவனின் விமர்சனம். ஆனால் சரக்கு என்னுடையது மட்டுமல்ல. புகைப்படத்தை ஓவியமாக மாற்றும் வசதி இன்று எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. நமது சங்கங்களின் ஆண்டு மலர்களுக்கு அட்டையாகவும், கடைகள் இலவசமாகத் தரும் நாட்காட்டிகளில் பன்னிரண்டு மாதமாகவும் இருக்கிறது. இதைக் கலை என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், மோசடி என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பகுதியினரும் படத்தைப் பார்க்காமலே பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு புகைப்படம் ஓவியமாகும்போது அதற்குள் எது மிஞ்சுகிறது, எது போய்விடுகிறது, போவதை யார் தீர்மானித்தது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

2

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளி வைப்போம். பயணிகளுக்குக் கடற்கரைப் பட்டினங்களின் படம் விற்பது இன்று நேற்றுத் தொடங்கிய தொழில் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் வெனிசுக்கு வந்த ஆங்கிலேயப் பிரபுக்களுக்குக் கனலெத்தோ (1697–1768) அந்த நகரத்தின் கால்வாய்களையும் சதுக்கங்களையும் வரைந்து விற்றார். வெனிசிலிருந்த ஆங்கிலேயக் கொன்சல் ஜோசப் ஸ்மித் அவருக்குத் தரகர் மாதிரி. ஸ்மித் சேர்த்து வைத்திருந்த படங்களை 1762இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் மொத்தமாக வாங்கினார். காட்சி நன்றாக அமைவதற்காகக் கட்டடங்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கவும் கனலெத்தோ தயங்கியதில்லை. எனவே எங்கள் சுவரைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் இப்படி இல்லை’ என்று யாரும் பெருமூச்சு விடத் தேவையில்லை.

கமராவைத் துணைக்கு எடுத்துக்கொள்வதும் குற்றமல்ல. அதற்குச் சாட்சி பலெர்மோவிலேயே இருக்கிறது. சாந்த அன்னா சதுக்கத்தில், பழைய மடம் ஒன்றில் நவீன கலைக் காட்சியகம் இருக்கிறது. அங்கே பிரான்செஸ்கோ லொயாக்கோனோ (1838–1915) 1875இல் வரைந்த ‘பலெர்மோக் காட்சி’ என்ற ஓவியம் உண்டு. லொயாக்கோனோ இந்த ஊர்க்காரர். சிசிலியின் வெயிலைத் துணியில் அப்படியே கொண்டுவந்து வைத்தார் என்பதால் ‘சூரியனைத் திருடியவன்’ என்று அவருக்குப் பட்டம். புகைப்படத்தைத் துணையாக வைத்துக்கொண்டு நிலக்காட்சி வரைந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு ஓய்வு நாளில் அந்த ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். வெயில், மரங்கள், மரங்களுக்கு அப்பால் நகரம். எங்கள் சுவரிலும் இவைதான் இருக்கின்றன. பிறகு என்ன வித்தியாசம்?

வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வேறு சிலர். 2018இல் ‘மனிஃபெஸ்தா’ என்ற ஐரோப்பியக் கலைக் கண்காட்சியின் 12ஆவது பதிப்பு பலெர்மோவில் நடந்தது. ‘பூகோளத் தோட்டம்’ என்பது அதன் தலைப்பு. அதைத் தொகுத்தவர்கள் லொயாக்கோனோவின் இந்த ஓவியத்தைத் தங்கள் சிந்தனைக்குத் தொடக்கமாக வைத்தார்கள். ஏனென்றால் அதில் இருக்கும் மரஞ்செடிகளில் ஒன்றுகூடச் சிசிலிக்குச் சொந்தமானதில்லை. ஒலிவ் ஆசியாவிலிருந்து வந்தது. யூக்கலிப்ரஸ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சப்பாத்திக் கள்ளி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. லொக்காட் ஜப்பானிலிருந்து வந்தது. சிசிலி என்றதும் எல்லாப் போஸ்ற்காட்டிலும் காய்த்துத் தொங்கும் தோடையும் எலுமிச்சையும் அரபுக்காரர் ஆண்ட காலத்தில் வந்தவை. சிசிலியின் அசல் முகம் என்று ஊரே கொண்டாடிய படம் முழுக்க வந்தேறிகள்! குசினியில் நின்று இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் சொல்ல வருவது அந்தச் சிரிப்பைப் பற்றியல்ல. இப்படி ஒரு கணக்கெடுப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? 143 வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அந்தத் துணியின் முன்னால் நின்று ‘இது ஒலிவ், இது யூக்கலிப்ரஸ்’ என்று விரல் வைத்துக் காட்ட முடிந்திருக்கிறது. அதாவது லொயாக்கோனோ ஒவ்வொரு மரத்தையும் அந்த மரமாகவே வரைந்திருக்கிறார். அவருக்குக் குடியேற்றம் பற்றிக் கருத்து ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. இலையை இலையாகப் பார்த்தார், அவ்வளவுதான். பலெர்மோவைச் சுற்றியிருந்த தோட்டச் சமவெளிக்குப் ‘பொற்கிண்ணம்’ என்று பெயர். 1950களிலிருந்து அரசியல்வாதிகளும் மாபியாவும் கட்டட முதலாளிகளும் சேர்ந்து அதன் பெரும்பகுதியைக் கொங்கிறீற்றால் மூடிவிட்டார்கள். ‘பலெர்மோவின் சூறை’ என்று அதை இந்த ஊர்க்காரர் சொல்வார்கள். சூறையாடப்பட்டது என்ன என்பதற்கு இன்று அந்த ஓவியமும் ஒரு சாட்சி.

எங்கள் சுவரிலுள்ள மொன்தெல்லோப் படத்தில் மரங்கள் இருக்கின்றன. என்ன மரம் என்று செய்தவனாகிய எனக்கே தெரியாது. பச்சை நிறத்தில் பத்துப் பதினைந்து தீற்றல்கள், அவ்வளவுதான். 143 வருடங்கள் கழித்து யாராவது அதைப் பார்த்தால், 2020களில் கடற்கரையில் பச்சையாக ஏதோ இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்வார்கள்.

லொயாக்கோனோவோடு இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். ரெனாத்தோ குத்தூசோவின் ‘வுச்சிரீயா’ (1974). மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர். பலெர்மோவின் சந்தையை, மீனும் இறைச்சியும் மரக்கறியும் ஆட்களும் முண்டியடிக்கும்படி வரைந்த படம். இன்று ஸ்தேரி மாளிகையில் தொங்குகிறது. அதைக் குத்தூசோ பலெர்மோவில் இருந்து வரையவில்லை. இத்தாலியின் வடக்கே, வாரேசேக்குப் பக்கத்தில் வெலாத்தே என்ற இடத்திலிருந்த தன் கூடத்தில் வரைந்தார். ஊரைவிட்டுத் தூர இருந்துகொண்டு ஊரை வரைவதும் குற்றமல்ல. கமராவும் தூரமும் படத்தைக் கெடுப்பதில்லை என்றால் கெடுப்பது எது?

3

இதற்குப் பதில் சொல்ல, கணனி இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘மந்திரம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அது மந்திரமல்ல, கணக்கு.

1990இல் போல் ஹெபர்லி என்ற அமெரிக்கர் ஒரு வழியைக் காட்டினார். புகைப்படத்தின் மேல் ஒரு புள்ளியைத் தொட்டால், அந்த இடத்து நிறத்தை எடுத்து ஒரு தூரிகைத் தீற்றலாக வைக்கும். எங்கே தொடுவது, எவ்வளவு பெரிய தீற்றல், எந்தப் பக்கம் சரிந்த தீற்றல் என்பதை ஆள் தீர்மானிக்க வேண்டும். முகத்துக்குச் சின்னத் தீற்றல், வானத்துக்குப் பெரிய தீற்றல் என்று வைக்க இடம் இருந்தது. மனிதன் இன்னும் படத்துக்குள் இருந்தான்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணெய் ஓவியமாகும் வித்தைகள் பலவற்றுக்கு அடிப்படை வேறொன்று. அதன் பெயர் குவஹாரா வடிகட்டி. 1976இல் ஜப்பானில், இருதயத்தை ஊடுருவி எடுக்கும் மருத்துவப் படங்களில் உள்ள இரைச்சலை நீக்குவதற்காகக் கண்டுபிடித்தது. அது செய்வது இவ்வளவுதான். படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு அயல்களைப் பார்க்கிறது. அந்த நான்கில் எது மிகவும் அமைதியாக, ஏற்றத்தாழ்வு குறைந்ததாக இருக்கிறதோ, அதன் சராசரி நிறத்தைத் தன் நிறமாக எடுத்துக்கொள்கிறது. பெரிய பரப்புகளின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்கும். வானம் வானமாக, கடல் கடலாக, சுவர் சுவராக நிற்கும். அந்த அயலைவிடச் சின்னதாக இருக்கும் எதுவும் பக்கத்திலிருக்கும் பெரிதோடு கரைந்துபோகும். மின்கம்பி போகும். கொடியில் காயும் உடுப்பு போகும். கடைப்பலகை எழுத்து போகும். தூரத்தில் நிற்கும் ஆள் போவான். பார்ப்பவருக்கு ‘ஆகா, ஓவியம் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றுவது இந்த அமைதியினால்தான். இரைச்சல் போய்விட்டது. எது இரைச்சல் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது 2015இல் வந்தது. ஜேர்மனியின் தூபிங்கனில் காட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர், ஒரு புகைப்படத்தை எந்த ஓவியரின் ‘பாணி’யிலும் மாற்றிக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், தூபிங்கனில் நெக்கார் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் வீடுகளின் புகைப்படம். அந்த வீடுகள் வான்கோவின் நட்சத்திர இரவாகவும், ரேணரின் கப்பற் சேதமாகவும் மாறின. அடுத்த வருடமே ‘பிரிஸ்மா’ என்ற செயலி அதைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. அந்த ஆய்வில் பாணி என்று எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓவியத்தில் எந்த இழைக்கோலம் எதனோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். எங்கே வருகிறது என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இடத்தைக் கழித்தால் மிஞ்சுவது பாணி. அப்படிக் கழித்தால்தான் அதை எந்த ஊர்ப் படத்தின் மேலும் போர்த்த முடியும்.

விஞ்ஞானம் என்ற அளவில் இது பெரிய சாதனை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பட்டினத்தின் படத்துக்கு இதைச் செய்யும்போது, அந்தப் பட்டினத்தை அந்தப் பட்டினமாக வைத்திருந்த சின்னச் சின்ன விஷயங்களை ஒரு கணக்கு இரைச்சல் என்று கழிக்கிறது. இடத்தை மறந்த ஒரு பாணியை இன்னொரு கணக்கு மேலே பூசுகிறது. அதனால்தான் எங்கள் சுவரிலுள்ள நாப்போலியும் திராப்பனியும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. நாப்போலியில் பிறந்த ஒரு சமையற்காரர் எங்களோடு வேலை செய்கிறார். தன் ஊர் எது என்று அவருக்கு நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

4

இவ்வளவையும் நான் றெஸ்ரோறண்ட் படங்களிலிருந்து படிக்கவில்லை. அப்போது நான் காசை எண்ணினேன், படத்தைப் பார்க்கவில்லை. படிப்பித்தது இன்னொரு படம்.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்த பிறகு, வெளிநாடுகளிலிருந்து நம்மவர்கள் கமராக்களோடு ஊருக்கு வந்தார்கள். அப்படி 2003இல் வந்த உறவினர் ஒருவர் பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு படம் எடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது கடல். படத்தில் வானம், கடல், கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள், ஒரு பக்கத்தில் வெளிச்சவீடு. இடது ஓரத்தில், ஒரு வள்ளத்தின் நிழலில், ஒருவன் இருந்து வலை பொத்துகிறான். அது என் அண்ணா. அவர் அண்ணாவை எடுக்கவில்லை, அண்ணா அங்கே இருந்தான்.

அந்தப் படம் 1600 புள்ளி அகலம். அண்ணாவின் உயரம் 41 புள்ளி. முகம் 6 புள்ளி. முகம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் வலையைக் கால் பெருவிரலில் கொழுவி, இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து அவன் இருக்கும் விதத்தை எங்கள் வீட்டில் யாரும் அடையாளம் காண்பார்கள். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. இடப்பெயர்வுகளில் மற்றப் படங்கள் போய்விட்டன. அடையாள அட்டைப் படத்தைத் தவிர்த்தால் அவனுடைய படமென்று அம்மாவிடம் இருப்பது இது ஒன்றுதான்.

றெஸ்ரோறண்ட் படங்களைப் பார்த்து எல்லோரும் மெச்சிய உற்சாகத்தில், இதையும் ஓவியமாக்கி அம்மாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அதே பொத்தானை அழுத்தினேன். கடல் மிக நன்றாக வந்தது. வானம் அதைவிட நன்றாக வந்தது. இடது ஓரத்தில் வள்ளத்தின் நிழல் இருந்தது. அண்ணா இல்லை. கணனியில் பிழை ஒன்றும் இல்லை. அவன் அயலைவிடச் சின்னவன். அமைதியான அயலோடு சேர்ந்துவிட்டான்.

நெடுநேரம் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பொத்தானை விட்டுவிட்டு, மலிவு விலையில் ஒரு மின்வரைபலகை வாங்கி, கையால் வரையத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணித்தியாலம் என்று ஏழெட்டுக் கிழமை போயிற்று. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால், ஒவ்வொரு தீற்றலும் ஒரு கேள்வி. அவன் கட்டியிருந்த சாரம் என்ன நிறம்? படத்தில் நாலைந்து புள்ளி நீலமாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல் இருந்தன. அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, வேறு கதை கதைத்து, நடுவில் கேட்டேன். ‘நீலக் கட்டம் போட்டது. இப்ப என்னத்துக்கு அதைக் கேக்கிறாய்?’ என்றா. அந்த வள்ளம் யாருடையது, வலை என்ன வலை, அது காலையா பின்னேரமா என்று பிறகும் பல கேள்விகள். நிழல் விழுந்திருந்த பக்கத்தைக் கொண்டு அது காலை என்று கண்டுபிடித்தேன். பத்து வருடங்களாக என்னிடம் இருந்த படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முகத்தை நான் வரையவில்லை. 6 புள்ளியிலிருந்து ஒரு முகத்தைச் செய்தால் அது அவன் முகமாக இருக்காது.

படத்தைப் பிறின்ற் எடுத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கனநேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னா:

‘தம்பி, நல்லாத்தான் கீறியிருக்கிறாய். ஆனா என்னத்துக்கு அவனுக்குக் கலர் பூசினனி? செத்தவையின்ர படத்தைத்தானே பெருப்பிச்சுக் கலர் குடுத்து மாட்டுறது. உசிரோட இருக்கிறவைக்கு ஆரும் உப்பிடிச் செய்யிறதே?’

அந்தப் படம் அலுமாரிக்குள் இருக்கிறது. புகைப்படம் சாமி அறையில் இருக்கிறது.

5

அம்மா சொன்னதை நான் ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு வருடத்தில் புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

எங்கள் வீடுகளில் ஸ்ரூடியோக்காரர் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருப்பித்து, கன்னத்துக்கும் பொட்டுக்கும் கையால் நிறம் கொடுத்துச் சட்டம் போட்டுத் தருவது வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் மாலை போடுவதற்குத்தான். நிறம் கொடுப்பதென்றால் கணக்கை முடிப்பது. புகைப்படம் அப்படியல்ல. ‘இந்த இடத்தில், இந்த நாளில், இவன் இருந்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தைத் திறந்து விட்டிருக்கிறது. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தின் படங்களைப் பாருங்கள். தாய்மார் ஏந்தியிருப்பவை புகைப்படங்கள். மங்கியவை, அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை, முகம் சரியாகத் தெரியாதவை. ஆனாலும் புகைப்படங்கள்தான். அவை சாட்சிகள். சாட்சிக்கு அழகு தேவையில்லை.

பலெர்மோவும் இதை அறிந்த ஊர்தான். லெத்தீட்சியா பத்தாலியா (1935–2022) 1974இலிருந்து ‘லோரா’ பத்திரிகைக்காக இந்த நகரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மாபியா சுட்டுப் போட்டவர்கள், அவர்களைப் பார்த்து நிற்கும் பெண்கள், பிள்ளைகள். அதே தெருக்களில்தான் இன்று உல்லாசப் பயணிகள் ஐஸ்கிறீமோடு நடந்து படம் எடுக்கிறார்கள், நாங்கள் அதை ஓவியமாக்கிக் கொடுக்கிறோம். பத்தாலியாவின் படங்களை எண்ணெய் ஓவியமாக மாற்றிச் சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. எந்தப் படத்துக்கு வர்ணம் பூசலாம், எதற்குப் பூசக்கூடாது என்று நமக்குள் ஒரு அறிவு இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நம்மவர்களின் நாட்காட்டிக்கு வருகிறேன். ஊர்க் கடற்கரைகளின் புகைப்படங்களை ஓவியமாக்கிப் போடுகிறார்கள். பனை, வள்ளம், சிவந்த வானம். முட்கம்பி இல்லை, காவலரண் இல்லை, சுனாமி உடைத்த சுவர் இல்லை, புதிதாக வந்த ஹொட்டேல் இல்லை, ஆட்களும் இல்லை. ஊரை நேசித்துத்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் விளைவு என்ன? எங்களை அங்கிருந்து எழுப்பியவர்களுக்கு எப்படிப்பட்ட கரை வசதியானதோ, அப்படிப்பட்ட கரையை, ஆளில்லாத அழகான கரையை, நாங்களே வர்ணத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ஒரு புத்தகம். ஆங்கிலத்தில் வந்தது. ‘முடிவுறாத தோம்பு’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த மக்களிடம், இழந்துபோன தங்கள் வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொன்னார். கோணல் மாணலாக, அளவில்லாமல் கீறிக் கொடுத்தார்கள். அதையே கட்டடக்கலைஞரின் நேர்கோடுகளில் இன்னொரு தாளில் வரைவித்தார். பிறகு தான் ஒரு சித்திரம் வரைந்தார். மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார். ஒன்று மற்றதை மூடவில்லை. ஓவியரின் சித்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த மனுசியின் நடுங்கிய கோடு அங்கேயே இருக்கிறது. சரிபார்க்க விரும்புகிறவர் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். புகைப்படத்தை ஓவியமாக்குங்கள். கணனியிலும் ஆக்குங்கள். கணனியில் கையால் வரைவதும் கைவேலைதான். ஆனால் மூலப் படத்தை எறிந்துவிடாதீர்கள். திகதியையும் இடத்தையும் பின்னால் எழுதுங்கள். எதை நீக்கினீர்கள் என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘கணனி நீக்கியது’ என்பது பதில் அல்ல.

அண்மையில் முதலாளி பன்னிரண்டாவது படம் கேட்டார். போரோ இத்தாலிக்கோவைச் செய்வதாகச் சொன்னேன். நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அகன்ற புற்தரை அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கடலில் கொட்டியதால் உண்டான நிலம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்களும் வங்காளப் பொடியன்களும் அங்கே பந்தடிக்கிறார்கள். நானே போய் ஒரு படம் எடுத்தேன். அதில் தெரிந்த ஆட்களை எண்ணினேன். 17 பேர். இரண்டு மாதம் இருந்து கையால் வரைந்தேன். ஓவியத்திலும் 17 பேர் இருக்கிறார்கள். விளக்குக் கம்பமும் குப்பைத் தொட்டியும் இருக்கின்றன. பின்பக்கத்தில் திகதி எழுதி, புகைப்படத்தையும் சின்னதாக ஒட்டியிருக்கிறேன்.

முதலாளிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆட்கள் கூடிப்போச்சாம், கடல் கொஞ்சமாம். ஆனாலும் காசு தந்தார். சாப்பாட்டு மண்டபத்தில் இடமில்லை என்று, குசினிக்குப் போகும் ஒடுங்கிய வழியில் மாட்டியிருக்கிறார்கள். தட்டுகளோடு அவசரமாகப் போகும்போது சட்டம் தோளில் இடிக்கிறது.